பத்தடி உயரத்தில் ஒரு வளையம்

மைசூரு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் நான் வெல்டிங் பட்டறைக்குப் போனது இரண்டே தடவைதான். இரண்டுமே போன கோடை லீவில், ஒரே வாரத்தில், ஒரே சாமானுக்காக. அந்தக் கதையோடு கொஞ்சம் சரித்திரமும் கணக்கும் சேர்ந்துவிட்டது. நீளம் ஜாஸ்தி. காபியோடு உட்காருங்கள்.

ஏப்ரல் கடைசியில் அக்காவும் மருமகனும் கோவில்பட்டியில் தூத்துக்குடி - மைசூரு ரயில் ஏறி வந்தார்கள். மருமகனுக்கு வயது 18. பள்ளிக்கூட பேஸ்கட்பால் டீமில் ஆடியவன். (எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே இருந்துகொண்டு பேஸ்கட்பால் ஆடினதே ஒரு கலகம்தான்.) இரண்டு வருஷம் முன்னால் பைக்கில் விழுந்து முதுகுத்தண்டில் அடி. தொப்புளுக்குக் கீழே உணர்வு கிடையாது. ரயிலில் ஏற்றியது இறக்கியது எல்லாம் ஆள் தூக்கித்தான். அவனை எல்லாரும் தூக்குகிறார்கள், அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான் என்பது பின்னால்தான் உறைத்தது.

பையன் வந்தால் பொழுது போக வேண்டுமே என்று, வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்தேன். ஒரு ரிங் வாங்கி, பட்டறையில் ஒரு கம்பம் அடித்து, கார் நிறுத்துகிற இடத்தில் நட்டு வைத்தேன். வீட்டு ஓனரிடம் கேட்டதற்கு 'மாடி சார், மாடி சார்' என்றார். (புதிதாக வந்த தமிழர்களுக்கு: மொட்டை மாடியைச் சொல்லவில்லை, 'செய்யுங்கள்' என்கிறார். நான் முதல் வருஷம் மேலே ஏறிப் போய் நின்றிருக்கிறேன் :-)) உட்கார்ந்து எறிகிற பையன் ஆயிற்றே என்று ஏழடியில் ரிங்கை வைத்தேன். எனக்கு என்மேலேயே பெருமை.

வந்தவன் பார்த்தான். "என்ன மாமா, கோழிக்கூடு கட்டிருக்கீங்க?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீல்சேர்ல பாராலிம்பிக்ஸ் ஆடுறாங்கல்ல, அவங்களுக்கு ரிங் எத்தனை அடி மாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி ஆபீஸ் ஆணிகளை எல்லாம் ஓரம்கட்டிவிட்டுத் தேடிப் பார்த்தேன். பத்தடி. மீட்டர் கணக்கில் 3.05. நின்று ஆடுகிறவர்களுக்கு என்னவோ அதேதான், ஒரு அங்குலம்கூடக் குறைவில்லை. அதற்கு அப்புறம் எங்கே தூங்குவது?

முதலில், அது என்ன பத்தடி? 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடை இரண்டைக் கொண்டுவந்து பால்கனிக் கம்பியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கம்பி தரையிலிருந்து பத்தடியில் இருந்தது. அவ்வளவுதான். கொத்தனார் பால்கனியை ஒன்பதடியில் கட்டியிருந்தால் இன்று உலகம் முழுக்க ஒன்பதடி ரிங்தான். அந்தப் பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர். அங்கே பயிற்சி பெற்று நம்மூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.டி. வாத்தியார்கள் கையோடு கொண்டுவந்த அளவுகளில் இந்தப் பத்தடியும் ஒன்று.

சக்கர நாற்காலி பேஸ்கட்பாலின் பிறப்பு 1946. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் படுத்திருந்த ராணுவ ஆஸ்பத்திரிகளில்தான் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் வான் நைஸ் ஊரின் பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரி ஒன்று, மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாம் ஊரின் குஷிங் ஆஸ்பத்திரி இன்னொன்று. அதற்கு முந்தைய தலைமுறையில் தண்டுவடம் அடிபட்டால் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து சில மாதங்களில், மிஞ்சிப்போனால் சில வருஷங்களில் முடிந்துவிடும். பெனிசிலினும் புது மாதிரிக் கவனிப்பும் வந்தபிறகு ஆட்கள் பிழைத்தார்கள். இருபது, இருபத்தைந்து வயசுப் பையன்கள், நல்ல தோள்பலம், நாள் முழுக்க வேலையில்லை. ஜிம்மில் ரிங் தொங்குகிறது. எடுத்துப் போட்டார்கள்.

அவர்களில் பலர் போருக்கு முன்னால் பள்ளியிலும் கல்லூரியிலும் இதே ஆட்டம் ஆடியவர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் ரிங் இறங்காததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கு அது புது விளையாட்டு இல்லை, விட்டுப்போன பழைய விளையாட்டு. கை நினைவில் வைத்திருந்த உயரம் பத்தடி. 1949-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டிம் நூஜென்ட் முதல் தேசியப் போட்டியைக் கேல்ஸ்பர்க் என்ற ஊரில் நடத்தினார். தேசிய சங்கமும் அப்போதே பிறந்தது. அப்போதும் பத்தடிதான்.

இங்கிலாந்தில் கதை தனியாக நடந்தது. ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நாற்காலியில் போலோ ஆட வைத்தார், அது முரட்டுத்தனமாகப் போனதால் நெட்பால் ஆட வைத்தார். நெட்பால் வளையமும் பத்தடி! 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், ஜூலை 29, அவர் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்த விதைதான் பிறகு பாராலிம்பிக்ஸ். ஐம்பதுகளில் அமெரிக்க அணிகள் வந்து இறங்கியதும் நெட்பால் போய் பேஸ்கட்பால் வந்தது. 1960 ரோம் போட்டியிலேயே அது இருந்தது.

இப்போது விதிப்புத்தகத்துக்கு வருவோம். இதைப் படித்தபோதுதான் எனக்குப் புல்லரித்தது. ரிங்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள்! நடப்பதற்குப் பதில் சக்கரத்தை இரண்டு தள்ளு தள்ளலாம், அதற்குள் பந்தைத் தட்ட வேண்டும் அல்லது கைமாற்ற வேண்டும். தட்டி, மடியில் வைத்து, மறுபடி தட்டினால் தப்பில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி. மைதானத்தில் ஒரு நேரத்தில் இருக்கிற ஐந்து பேரின் கூட்டு 14-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே வலுவானவர்களை மட்டும் சேர்த்து ஆட முடியாது, குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் டீம் நடக்காது. எண்பதுகளில் ஜெர்மனியின் ஹார்ஸ்ட் ஷ்ட்ரோகெண்டல் சீராக்கிய முறை இது. டாக்டர் சீட்டைப் பார்த்து இல்லை, ஆடும்போது பார்த்துப் புள்ளி கொடுக்கிறார்கள்.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. இருக்கையின் உயரம். 3.5 முதல் 4.5 வரை உள்ளவர்களுக்கு இருக்கை தரையிலிருந்து 58 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 3.0-க்கும் கீழே உள்ளவர்களுக்கும் 63 வரை போகலாம். ஐந்து சென்டிமீட்டர், இரண்டு அங்குலம். உயரத்தைப் பற்றி விதிப்புத்தகம் பேரம் பேசுகிற இடம் இது ஒன்றுதான். அதிலும் வளையத்தை இறக்கவில்லை, ஆளை ஏற்றியிருக்கிறார்கள்.

சரி, உட்கார்ந்து எறிந்தால் உண்மையில் எவ்வளவு கஷ்டம்? இஞ்சினியர் புத்தி, போட்டுப் பார்த்தேன். (தங்கமணி, "கரண்ட் பில் கணக்கை இப்படிப் பார்த்தா தேவலை" என்றாள்.) ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்பகுதிக்கு சுமார் 4.2 மீட்டர். நிற்கிற ஆள் ஏழடி உயரத்தில் பந்தை விடுகிறார், உட்கார்ந்தவர் ஐந்தடியில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே விழுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச சக்தி, உட்கார்ந்தவருக்கு சுமார் 15 சதவீதம் கூடுதல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நிற்கிறவரின் வீச்சு கணுக்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி வருகிறது. உட்கார்ந்தவருக்குத் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மட்டும்தான். கூடுதல் சக்தி, அதுவும் பாதி உடம்பிலிருந்து.

அப்புறம் கோணம். வளையத்தின் விட்டம் 45 செ.மீ., பந்து சுமார் 24. பந்து சாய்ந்து வரும்போது வளையம் அதற்கு ஒடுங்கித் தெரிகிறது. சுமார் 32 டிகிரிக்கும் தாழ்வான சாய்வில் வந்தால் விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே இல்லை. அதனால் தாழ்விலிருந்து எறிபவர் மேல்நோக்கி எறிய வேண்டும். என் கணக்கில் நிற்பவருக்கு 51 டிகிரி போதும், உட்கார்ந்தவருக்கு 55. கையை நீட்டித் தள்ளினால் ஆகாது, வானத்தைப் பார்த்து எறிய வேண்டும்.

நான் காகிதத்தில் போட்டதை, 1998-ல் சிட்னியில் நடந்த உலகப் போட்டியின்போது ஆட்டக்காரர்களைப் படம்பிடித்தே அளந்திருக்கிறார்கள். லாரி மலோன், பியர் ஜெர்வே, ராபர்ட் ஸ்டெட்வர்ட் ஆகியோர் செய்த ஆய்வு அது. (ஸ்டெட்வர்ட்தான் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டியின் முதல் தலைவர்.) வயிறும் முதுகும் நன்றாகப் பிடிப்பவர்கள், அதாவது மேல் புள்ளிக்காரர்கள், உயரத்திலிருந்து விடுகிறார்கள். கீழ்ப் புள்ளிக்காரர்கள் தாழ்விலிருந்து, அதிக வேகத்தில், அதிகக் கோணத்தில் எறிகிறார்கள். என் மருமகன் போன்ற பையன்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் உடம்பு தானாக நிற்காது, முன்னால் சாயும். அதனால்தான் இடுப்புப் பட்டை. ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எறிகிறவர்களும் இதனால்தான்.

சரி, நம் நாட்டில் என்ன நடந்தது?

ஆள் இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய்ப் படித்துவந்து, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். புனே கிர்க்கியில் ராணுவத்தின் மறுவாழ்வு மையம் 1974-லிருந்து இருக்கிறது, அங்கே சிப்பாய்கள் நாற்காலியில் பேஸ்கட்பால் ஆடியும் வந்தார்கள். இந்த மாநிலத்தில் மாலதி ஹொள்ளா. பெங்களூரில் பிறந்து, போலியோவால் குழந்தைப் பருவத்தில் 15 வருஷம் சென்னையில் சிகிச்சை மையத்திலேயே வளர்ந்து, பிறகு நாற்காலி ஓட்டத்திலும் எறிதல் போட்டிகளிலும் பதக்கங்களாகக் குவித்தவர்.

எங்கள் பக்கத்தில் ஆய்க்குடி. 1975-ல் இஞ்சினியரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் வந்தார். உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஊர் திரும்பியவர் 1981-ல் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். கோவில்பட்டியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். அக்காவுக்கு முதல் தடவை தைரியம் வந்ததே அங்கே போய்ப் பார்த்த பிறகுதான்.

ஆனால் இவர்கள் எல்லாம் தனி ஆட்கள், தனி மையங்கள். பேஸ்கட்பாலுக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், மாற்று ஆட்கள், பத்துப் பன்னிரண்டு விளையாட்டு நாற்காலிகள், படியில்லாத ஒரு மைதானம், அங்கே கொண்டுசேர்க்க ஒரு வண்டி வேண்டும். நீச்சலுக்கும் குண்டெறிதலுக்கும் தனி ஆள் போதும், இதற்குப் போதாது. நாடு தழுவிய ஒரு கூட்டமைப்பு வருவதற்கே 2014 ஆகிவிட்டது. அமைத்தவர் சென்னையில் வங்கி வேலை பார்த்த மாதவி லதா. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது போலியோ. முதல் தேசியப் போட்டியும் அதே வருஷம் சென்னையில்தான். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு கைகொடுத்தது. அந்தக் குழுவுக்காக ஆப்கானிஸ்தானில் அணிகளை உருவாக்கியிருந்த ஜெஸ் மார்க்ட் என்ற அமெரிக்கர், அவரும் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர், இங்கேயும் வந்து பயிற்சி கொடுத்தார். 2017-ல் இந்திய அணிகள் முதல்முறையாகப் பாலித் தீவுக்குப் போட்டிக்குப் போயின. பெண்கள் வெண்கலத்தோடு வந்தார்கள்.

1946-க்கும் 2014-க்கும் நடுவே 68 வருஷம். அந்த 68 வருஷத்தில் நம் ஊரில் பைக்கில், பனைமரத்தில், கிணற்றில் விழுந்த பையன்கள் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தே வயசானார்கள்? எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் இருந்தார். என் சின்ன வயசு முழுக்க அவரை ஒரே திண்ணையில்தான் பார்த்திருக்கிறேன். அவர் தோளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கைகளை ஊன்றியே வீடெல்லாம் நகர்ந்ததால் பயில்வான் தோள்.

மைசூரு கதைக்கு வருகிறேன். ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ரிங்கை இறக்குவது பாவம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஆட்டத்தில் எட்டரை அடி. ஜப்பானில் கழுத்துப் பகுதியில் அடிபட்டு, கையிலும் பலம் குறைந்தவர்களுக்காக 'ட்வின் பேஸ்கட்பால்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் பத்தடி ரிங்கோடு 1.2 மீட்டர் உயரத்தில் இன்னொரு ரிங்கும் உண்டு. ஆக, யாருக்கு எது வேண்டும் என்பதை ஆடுகிறவனிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். நான் கேட்காமல் வைத்தேன். வித்தியாசம் அங்கேதான்.

காலையில் மருமகனிடம் சொன்னேன், "பத்தடிதான் மாப்ள." "அப்ப ஏத்துங்க," என்றான்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மேல பாத்து எறிஞ்சா பின்னால கவுந்துருவான். கவுந்தா யாரு தம்பி பதில் சொல்றது?" அவள் பயம் வீண் பயம் இல்லை. அவன் நாற்காலி ஆஸ்பத்திரி மாடல். விளையாட்டு நாற்காலியில் சக்கரங்கள் அடியில் விரிந்து நிற்கும், பின்பக்கம் கவிழாமல் இருக்கச் சின்னச் சக்கரம் ஒன்று தரையை ஒட்டி ஓடும். இதில் எதுவும் இல்லை. கைப்பிடி வேறு, எறியும்போதெல்லாம் முழங்கையில் இடிக்கிறது. விளையாட்டு நாற்காலி வாங்கலாம் என்றால் நல்ல இறக்குமதி நாற்காலி லட்சக்கணக்கில் நிற்கிறது. பிசியோதெரபிஸ்ட்டைப் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டு இரண்டாம் தடவை பட்டறைக்குப் போனேன். பட்டறை பாய் கம்பத்தை மூன்றடி நீட்டினார். அப்புறம் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, பின்னால் இரண்டு பைப் வைத்து, நுனியில் தள்ளுவண்டிச் சக்கரம் மாட்டினார். கைப்பிடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சக்கரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டார், கூலி வாங்கவில்லை.

முதல் நாள் நாற்பது தடவை எறிந்தான். ஒன்றுகூட ரிங்கைத் தொடவில்லை. பாதி காம்பவுண்டுக்கு வெளியே போயிற்று, நானும் என் பொண்ணும் பொறுக்கி எடுத்தோம். நின்றுகொண்டு ஆடிய காலத்தில் இருந்த பழக்கம் கையை விடவில்லை, நேராகத் தள்ளினான். மூன்றாம் நாள் பந்து வளையத்தில் பட்டு டங் என்று சத்தம் வந்தது. சமையல்கட்டிலிருந்த அக்கா, விழுந்துவிட்டான் என்று நினைத்து ஓடிவந்தாள். ஆறாம் நாள் ஒன்று உள்ளே போனது. யாரும் கை தட்டவில்லை. அவன் அடுத்த பந்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஜூன் முதல் வாரம் ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு 50-க்கு 11. நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான்.

அவன் போன பிறகு ரிங்கை மறுபடி ஏழடிக்கு இறக்கினேன். என் பொண்ணுக்கு ஆறு வயசு, அவள் கேட்டாள். கோவில்பட்டியில் பழைய பள்ளிக்கூட பி.டி. சார் சாயந்திரம் கிரவுண்டைத் திறந்துவிடுகிறாராம். கேட்டில் ஒரு படி இருக்கிறது. ஒரு பலகை சாய்த்திருக்கிறார்கள். தினமும் ராத்திரி வாட்ஸப்பில் வெறும் எண் வரும். போன வாரம் 50-க்கு 17 வந்தது. நேற்று 50-க்கு 9. கீழே ஒரு வரி: "காத்து மாமா."